எண் பெரிதாக இருந்தால் கார்டும் பெரிதா? 1080 டிஐ, 4060 பற்றிய கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

கெடா மாநிலத்தில் லூனாஸ் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்த கேள்வி இது. தம்பி பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்திருக்கிறான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் ஓட்ட வேண்டும், ஓய்வு நேரத்தில் கேம் விளையாடுவான். வீட்டில் இருப்பது ஏதோ ஓர் ஆஃபீசில் கழித்துவிட்ட ஐ5-6500 கம்ப்யூட்டர். ஃபேஸ்புக்கில் ஒருவர் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டை (திரையில் வரும் படத்தைக் கணக்குப் போட்டு வரையும் கார்டு) 600 ரிங்கிட்டுக்குத் தருகிறேன் என்கிறார், சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் புதிய ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 1,400 ரிங்கிட் கேட்கிறார்கள். இரண்டின் விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பழையதில் 3584 கோர், புதியதில் 3072. பழையதில் 11 ஜிபி, புதியதில் 8. பழையதில் 352 பிட், புதியதில் 128. புதியதுதான் வேகம் என்கிறார் கடைக்காரர். எல்லாமே குறைவாக இருக்கிற ஒன்றுக்கு எதற்கு இரண்டு மடங்குக்கு மேல் பணம், கடைக்காரர் எங்களை ஏமாற்றுகிறாரா என்று கேட்கிறார். கடைசியில், பவர் சப்ளையில் 240 வாட் என்று போட்டிருக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய கார்டின் எண்ணையும் புதிய கார்டின் எண்ணையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாமா என்பது ஒன்று, கையில் இருக்கும் பணத்தைத் தம்பிக்காக எதில் போடுவது என்பது இன்னொன்று. முதலில் மனசை உறுத்துவதைத் தீர்த்துவிடுகிறேன், கடைக்காரர் ஏமாற்றவில்லை. புதியதுதான் வேகம் என்று அவர் சொன்னதும் உண்மை, நீங்கள் எழுதிய எண்களும் உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்த இரண்டு கார்டுமே இப்போதைக்கு ஆகாது. அதற்குக் காரணம் அந்த 240 வாட். அதை விரிவாகப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்வி புரிந்தால்தான் இனி எந்தக் கார்டைப் பார்த்தாலும் நீங்களே எடைபோட முடியும்.

நான் கூலிம் ஹைடெக் பார்க்கில் சிப் சோதிக்கும் பிரிவில் சில வருடம் இருந்தவன், அப்புறம் பாடாங் செராயில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை போட்டு அதிலேயே காலம் ஓடுகிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்கள் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோர் எண்ணிக்கையில் இருந்து தொடங்கலாம். கோர் என்பது கார்டின் சிப்புக்குள் கணக்குப் போடும் சின்னப் பகுதி. ஒரு கார்டின் கணக்குப் போடும் திறனை டெராஃபிளாப்ஸ் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி தசமக் கணக்கு) என்று எழுதுகிறார்களே, அது வெறும் பெருக்கல்தான். கோர் எண்ணிக்கை, பெருக்கல் 2, பெருக்கல் கடிகார வேகம். 1080 டிஐ 2017 மார்ச்சில் வந்தது, அதன் பூஸ்ட் வேகம் (வேலை செய்யும்போது எட்டும் கடிகார வேகம்) 1.58 கிகாஹெர்ட்ஸ், ஆக 3584 கோருக்கு ஏறத்தாழ 11.3 டெராஃபிளாப்ஸ் வருகிறது. 4060 வந்தது 2023 ஜூனில், பூஸ்ட் வேகம் 2.46 கிகாஹெர்ட்ஸ், 3072 கோருக்கு 15.1 வருகிறது. பாருங்கள், கோர் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் ஒன்றரை மடங்குக்கு மேல் சுற்றுகிறது. பழையது 16 நானோமீட்டர் முறையில் செய்த சிப், புதியது அதைவிட மிக நுணுக்கமான முறையில் செய்தது, அதனால் குறைந்த மின்சாரத்தில் அதிக வேகம் எடுக்க முடிகிறது. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் கண்ணில் படாது.

சரி, அப்படியானால் டெராஃபிளாப்ஸை வைத்து ஒப்பிட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. இதற்கு நல்ல சாட்சி ஆர்டிஎக்ஸ் 3060, 2021-இல் வந்தது. அதிலும் சரியாக 3584 கோர்தான், 1080 டிஐயில் இருக்கும் அதே எண்ணிக்கை. வேகம் கூடுதல், 1.78 கிகாஹெர்ட்ஸ், கணக்குப்படி 12.7 டெராஃபிளாப்ஸ். அப்படியென்றால் 3060 தெளிவாக முந்த வேண்டும் இல்லையா? சாதாரண கேம்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் ஓடுகின்றன, சிலவற்றில் பழையதே ஒரு படி முன்னால் நிற்கிறது. ஒரு காரணம், 3060 தலைமுறையில் கோர் என்று எண்ணும் விதமே மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் 20 வரிசைத் தலைமுறையில் முழு எண் கணக்குக்கு என்று தனியாக ஒரு பாதை வைத்திருந்தார்கள், 3060 தலைமுறையில் அந்தப் பாதைக்குத் தசமக் கணக்கும் போடக் கற்றுக்கொடுத்து அதையும் சேர்த்துக் கோர் என்று எண்ணினார்கள். கேம் ஓடும்போது முழு எண் கணக்கும் வந்துகொண்டே இருக்கும், அந்த நேரத்தில் அந்தப் பாதி கோர்கள் தசமக் கணக்குக்குக் கிடைக்காது. இது ஏமாற்று இல்லை, நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னதுதான், ஆனால் விவரப் பட்டியலில் 3584 என்று மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணி அன்றைய பாலைச் சொல்ல முடியாது, ஸ்டோரில் நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும். கார்டும் அப்படித்தான், உங்கள் வேலையை அது எவ்வளவு நேரத்தில் முடித்தது என்று அளந்து பார்த்த முடிவுதான் கணக்கு.

இதுவரை சொன்னவை என்விடியா நிறுவனத்தின் கார்டுகள், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கார்டுகளிலும் இதே கதைதான். 2017-இல் வந்த வேகா 64 கார்டில் 4096 கோர், 12.7 டெராஃபிளாப்ஸ். 2019-இல் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியில் 2560 கோர், 9.8 டெராஃபிளாப்ஸ். காகிதத்தில் எங்கேயோ பின்னால் இருக்கும் 5700 எக்ஸ்டிதான் பெரும்பாலான கேம்களில் ஜெயித்தது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இப்படி என்றால் என்விடியா கோரையும் ஏஎம்டி கோரையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கோர் எண்ணிக்கை உபயோகப்படும் ஓர் இடம் உண்டு. ஒரே தலைமுறையில், ஒரே நிறுவனத்தில், 4060 பெரிதா 4070 பெரிதா என்று பார்க்கும்போது அது நன்றாகவே வழிகாட்டும். தலைமுறை மாறினால் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது 352 பிட்டும் 128 பிட்டும், அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே தரவு போகிற பாதையின் அகலம். இதுதான் பலரையும் உறுத்துவது, உங்களையும் உறுத்தியிருக்கிறது. இந்த 352 என்கிற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று 1080 டிஐயைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். ஹீட் சிங்க்கை எடுத்து பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டால் நடுவில் கண்ணாடி மாதிரி மினுங்கும் பெரிய சிப் இருக்கும், அதைச் சுற்றி மூன்று பக்கமும் கறுப்பாகச் சின்னச் சின்ன மெமரி சிப்கள். எண்ணிப் பாருங்கள், பதினொன்று இருக்கும். பன்னிரண்டாவது சிப்புக்கான இடம், ஈயப் புள்ளிகளோடு காலியாகக் கிடக்கும். ஒவ்வொரு சிப்பும் 1 ஜிபி, ஒவ்வொன்றுக்கும் 32 பிட் பாதை. 11 பெருக்கல் 32, 352. அந்தப் பெரிய சிப்பில் உண்மையில் 3840 கோர் இருக்கிறது, அதில் 3584 மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிப் தயாரிப்பில் எல்லாச் சிப்பும் முழுமையாக வராது, சோதனையில் ஓரிரு பகுதி தேறாவிட்டால் அதை மூடிவிட்டு அடுத்த ரகமாக விற்பது எங்கள் தொழிலில் அன்றாடம் நடப்பது. மூடிய பகுதியால் கார்டின் ஆயுள் குறையாது.

பாதையின் அகலம் மட்டும் மெமரி வேகத்தைச் சொல்லாது, அதில் எவ்வளவு வேகமாகத் தரவு ஓடுகிறது என்பதும் வேண்டும். பிட்டை 8-ஆல் வகுத்து மெமரியின் வேகத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 1080 டிஐ-க்கு விநாடிக்கு 484 ஜிபி, 4060-க்கு 272 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060 என்று 2025 மே மாதம் வந்ததே, அதுவும் 4060 போலவே 128 பிட்தான், ஆனால் மெமரி புதிய ரகம் என்பதால் 448 ஜிபி. ஒரே 128, ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். அதனால் பட்டியலில் பிட் என்ற வரியை விட்டுவிட்டு விநாடிக்கு எத்தனை ஜிபி என்ற வரியைப் பாருங்கள் என்பேன்.

இதில் 4060 இன்னும் பின்தங்கித்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆமாம், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிப்புக்கு உள்ளேயே 24 எம்பி கேஷ் வைத்திருக்கிறார்கள். 1080 டிஐயில் அது 3 எம்பிக்கும் குறைவு. அடிக்கடி வேண்டிய தரவு உள்ளேயே கிடைத்துவிட்டால் வெளியே மெமரிக்குப் போகிற வேலை குறைகிறது, அதனால் அகலம் குறைந்த பாதையே போதுமாகிறது. 1080பி திரையில் (சாதாரண முழு எச்டி திரை) இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. திரை 4கே ஆகும்போது படத்தின் தரவு பெருகி அந்தக் கேஷில் அடங்காமல் வழிகிறது, அங்கே குறுகிய பாதை தன் வேலையைக் காட்டும். ஆக பெரும்பாலான கேம்களில் 1080பி-யில் 4060 கொஞ்சம் முன்னால், திரை பெரிதாக ஆக ஆக இடைவெளி சுருங்கும். ஆறு வருட வித்தியாசத்துக்கு இது பெரிய பாய்ச்சல் இல்லைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, 1080 டிஐ வெளிவந்தபோது 699 அமெரிக்க டாலர், 4060 வெளிவந்தபோது 299. அன்றைய உச்ச ரகக் கார்டையும் இன்றைய கீழ்நடுத்தர ரகக் கார்டையும்தான் நாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

11 ஜிபி, 8 ஜிபி விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது, இதில் நான் புதிய கார்டுக்குப் பரிந்து பேசப் போவதில்லை. மெமரி அளவு வேகத்தைக் கூட்டாது, ஆனால் பற்றாமல் போனால் வேகம் படுத்துவிடும். பிளெண்டரில் தம்பி ஒரு காட்சியை உருவாக்கி, மரம் மட்டை, பெரிய பெரிய டெக்ஸ்சர் (பரப்பின் மேல் ஒட்டும் படம்) எல்லாம் போட்டு ரெண்டர், அதாவது காட்சியை முடிந்த படமாக்கும் வேலை, கொடுக்கும்போது அது கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கம்ப்யூட்டரின் சாதாரண மெமரியைக் கடன் வாங்கும், அப்போது வேகம் பல மடங்கு குறையும், சில சமயம் பிழைச் செய்தியோடு நின்றேவிடும். புதிய கேம்களிலும் 8 ஜிபி என்பது இப்போது இறுக்கமாகிக்கொண்டு வருகிறது. தலைமுறை மாறினாலும் பொய் சொல்லாத எண் ஒன்று உண்டென்றால் அது மெமரி அளவுதான்.

இனி, பட்டியலில் எண்ணாக வராத வித்தியாசங்கள். உங்கள் தம்பியின் படிப்புக்கு முக்கியமானவை இவைதான். ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போடத் தனியாகப் பகுதிகள் இருக்கின்றன, 1080 டிஐயில் அவை இல்லை. பிளெண்டரில் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறை முழுக்க முழுக்க அந்தக் கணக்குதான். ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால் அமைப்புகளில் ஆப்டிக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பகுதிகளைப் பயன்படுத்தலாம். கேமில் கொஞ்சமே முந்துகிற 4060, இங்கே 1080 டிஐயை இரண்டு மடங்குக்கும் மேல் விஞ்சிவிடும். பிளெண்டர் அமைப்பே ஓப்பன் டேட்டா என்று ஒரு தளம் வைத்திருக்கிறது, உலகம் முழுவதும் பயனர்கள் தங்கள் கார்டில் ஓட்டி அனுப்பிய முடிவுகள் அதில் கிடைக்கும். தம்பியை உட்காரவைத்து அதில் கார்டுகளின் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இருக்காது.

கேம்களிலும் இந்த வித்தியாசம் இப்போது வாசலில் நிறுத்திவிடுகிறது. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி சில கேம்கள் கார்டில் அந்தப் பகுதி இல்லாவிட்டால் ஓடாது, 11 ஜிபி இருந்தாலும் சரி. படத்தைச் சின்னதாக வரைந்து அப்புறம் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ் வசதியும் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும்தான். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. நிறுவனங்கள் போடும் விளம்பர வரைபடங்களில் புதிய கார்டுக்கு மட்டும் ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதியைத் திறந்துவைத்து, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகம் என்று காட்டுவார்கள். நடுவில் செயற்கையாக ஒரு ஃபிரேமைச் செருகுவது அது. பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் மவுஸை அசைத்ததற்குப் பதில் வரும் நேரம் அதனால் குறையாது. அதோடு பிளெண்டர் ரெண்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வரைபடத்தின் அடியில் சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அந்தக் கம்பிகளின் உயரத்தை நம்ப வேண்டாம்.

டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விஷயமும் 1080 டிஐக்குப் பாதகமாகத் திரும்பிவிட்டது. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிகிறது என்றும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் என்விடியா அறிவித்தது. கணக்கு வேலைகளுக்கான குடா மென்பொருளின் 13-ஆம் பதிப்பிலும் அந்தத் தலைமுறைக்கு ஆதரவை எடுத்துவிட்டார்கள். கார்டு நாளைக்கே நின்றுவிடாது, இன்றைக்கு ஓடுகிற மென்பொருள் தொடர்ந்து ஓடும். ஆனால் மூன்று வருடம் படிக்கப் போகிற பையனுக்கு, வருகிற பதிப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போகும் கார்டை வாங்கிக் கொடுப்பதை என் மனம் ஒப்பவில்லை.

பெயர்களில் உள்ள வலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஷாப்பியிலும் ஃபேஸ்புக்கிலும் தேடும்போது இதில்தான் விழுவார்கள். ஜிடி 1030 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டு உண்டு. ஒன்றில் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, இன்னொன்றில் டிடிஆர்4 மெமரி போட்டு 16.8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கோர், 3 ஜிபி கார்டுக்கு 1152 கோர், மெமரி மட்டும்தான் வேறு என்று நினைத்து வாங்குவார்கள். ஆர்எக்ஸ் 580-இல் 2304 கோர் இருக்க வேண்டும், 2048 கோரோடும் அதே பெயரில் ஒன்று சுற்றுகிறது. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி கார்டு 2560 கோர், 130 வாட். 6 ஜிபி கார்டு 2304 கோர், 70 வாட். கடைசியில் சொன்ன இந்த 6 ஜிபி கார்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது அந்த 240 வாட். தலைமுறை, கட்டமைப்பு என்று எந்த விளக்கமும் தேவைப்படாமல் அப்படியே நம்பக்கூடிய எண்களில் இதுவும் ஒன்று. 1080 டிஐ ஒன்று மட்டுமே 250 வாட் வரை இழுக்கும். உங்கள் பவர் சப்ளை கம்ப்யூட்டர் மொத்தத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதே 240. அதில் ஐ5-6500 பிராசசர் 65 வாட் ரகம், ஹார்டு டிஸ்க், ஃபேன், மதர்போர்டு எல்லாம் தனி. 1080 டிஐக்குக் குறைந்தது 600 வாட் பவர் சப்ளை என்று நிறுவனமே சொல்கிறது, 4060-க்கு 550. 4060 உண்மையில் இழுப்பது 115 வாட்தான், அந்த 550-இல் நிறையப் பாதுகாப்பு இடைவெளி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அந்தக் கார்டுக்குத் தனியாக 8 முனை பவர் கேபிள் வேண்டும். ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளையில் பெரும்பாலும் அந்தக் கேபிளே இருக்காது. ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா கேபிளிலிருந்து மாற்றிக் கொடுக்கும் மலிவான அடாப்டர் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த முனை அவ்வளவு மின்சாரத்துக்கு ஆனதில்லை. கறுகி உருகிப்போன முனைகளோடு கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் பிள்ளைகள் தூங்குகிற அறையில் இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர்.

பவர் சப்ளையை மாற்றிவிடலாமே என்றால், அதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களில் பல, மதர்போர்டுக்குப் போகும் முனையை வழக்கமான 24 முனையாக வைக்காமல் தங்களுக்கென்று 6 அல்லது 8 முனையாக வைத்திருப்பார்கள். கடையில் வாங்கும் பவர் சப்ளை நேராகப் பொருந்தாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக 24 ஓட்டைகள் உள்ள அகலமான முனை இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பெட்டி ஒல்லியான ரகமா அகலமான ரகமா என்பதும் முக்கியம். 1080 டிஐ கார்டுகள் ஏறத்தாழ 27 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம், ஆஃபீஸ் பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் கூண்டில் போய் இடிக்கும்.

மின்கட்டணத்தையும் யோசியுங்கள். இரண்டு கார்டுக்கும் இடையில் முழு வேகத்தில் 135 வாட் வித்தியாசம், தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பதினாறு யூனிட் சொச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் மாதா மாதம் வரும். அந்த 135 வாட்டும் சூடாக அறைக்குள்தான் இறங்கும், ஃபேன் மட்டும் உள்ள அறையில் மத்தியான நேரத்தில் அது நன்றாகவே தெரியும்.

ஃபேஸ்புக்காரரின் 1080 டிஐயைப் பற்றி, அந்தக் குறிப்பிட்ட கார்டு எப்படி என்று கையில் எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்று எல்லோரும் கேட்பார்கள். மைனிங்கில் ஓடியதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஒரே சீரான சூட்டில் ஓடிய கார்டு சில சமயம் தினமும் சூடாகிக் குளிர்ந்த கார்டைவிட நன்றாகவே இருக்கும். ஃபேன் பேரிங்கும் தெர்மல் பேடும்தான் அதில் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை நம் ஊர் ஈரம். எச்டிஎம்ஐ முனைகளின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர் என்றால் விளக்குப் புகையும் சாம்பிராணியும் தூசியோடு சேர்ந்து ஹீட் சிங்க் இடுக்கில் பிசின் மாதிரி அப்பியிருக்கும், ஊதினால் போகாது, கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். மின்னல் அடித்து ஒருமுறை பழுதாகிச் சரிசெய்த கார்டா என்றும் நேராகவே கேளுங்கள். அப்புறம் விற்கிறவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் போட்டு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள், கோர் எண்ணிக்கை, மெமரி ரகம், பாதை அகலம் எல்லாம் அதில் வரும். பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதிய போலிக் கார்டுகள் பலவற்றை அதுவே கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிவிடும். கால் மணி நேரமாவது பாரமான வேலையில் ஓட்டிப் பாருங்கள், திரையில் புள்ளியோ கோடோ வந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

என் யோசனை இதுதான். இப்போதைக்கு அந்தக் கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்வதென்றால் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டை வாங்குங்கள், 2024-இல் வந்தது. 70 வாட்தான், மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால் தனிக் கேபிள் இல்லாமல் ஓடும். ஒல்லியான பெட்டிக்கு ஏற்ற உயரம் குறைந்த கார்டுகளும் அதில் வருகின்றன. 4060-ஐவிட விலை கணிசமாகக் குறைவு. கேமில் இது 1080 டிஐக்குப் பக்கத்தில்கூட வராது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிளெண்டரில் ஆப்டிக்ஸ் கிடைக்கும், டிரைவர் தொடர்ந்து வரும், பவர் சப்ளையில் கை வைக்க வேண்டியதில்லை. வாங்கும்போது பெட்டியில் 6 ஜிபி என்று இருப்பதையும் கார்டின் மேல் விளிம்பில் பவர் முனை இல்லாததையும் கண்ணால் பார்த்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் கம்ப்யூட்டர் மெமரி 16 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் அதை ஏற்றி, எஸ்எஸ்டி இல்லையென்றால் ஒன்று போடுங்கள், தம்பிக்கு அன்றாடம் தெரிகிற வேகம் அதில்தான் வரும். இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் அவை ரீசைசபிள் பார் என்ற வசதியை மதர்போர்டில் எதிர்பார்க்கின்றன, உங்களுடைய அந்தக் கால ஆஃபீஸ் மதர்போர்டில் அது கிடைக்காது, அதனால் இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.

1,400 ரிங்கிட்டையும் செலவழிக்கத் தயார், பெட்டியில் 24 முனையும் இடமும் இருக்கிறது என்றால் என் தேர்வு 4060 இல்லை, நல்ல நிலையில் உள்ள பழைய 3060 12 ஜிபி கார்டும் தரமான ஒரு 550 வாட் பவர் சப்ளையும்தான். கேமில் 4060-ஐவிடக் கொஞ்சம் பின்னால் இருக்கும், ஆனால் அனிமேஷன் படிக்கிற பையனுக்கு அந்த 12 ஜிபி நீண்ட நாள் உதவும். 3060-இலும் 8 ஜிபி என்று ஒன்று இருக்கிறது, அதற்குப் பாதையும் 128 பிட்டாகக் குறைந்திருக்கும், அது வேண்டாம். எப்படியும் ஐ5-6500-க்கு வயதாகிவிட்டது, நாலே கோர், விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் இன்னும் ஓரிரு வருடத்தில் கம்ப்யூட்டரையே மாற்றும்போது, இன்று வாங்கும் கார்டையும் பவர் சப்ளையையும் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி வாங்குங்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் மாடல் எண், மூடியைக் கழற்றி எடுத்த ஒரு படம், பவர் சப்ளை லேபிளின் படம், இந்த மூன்றையும் இங்கேயே போடுங்கள். லேபிளில் 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பது தெளிவாகத் தெரியட்டும், மொத்த வாட்டைவிட அந்த எண்தான் எனக்கு வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எந்தக் கார்டு உள்ளே போகும், எது போகாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் ஃபேஸ்புக்காரருக்கு முன்பணம் எதுவும் அனுப்ப வேண்டாம்.